நல்ல பல்லை ஏன் ராவ வேண்டும்?

கல்யாணத் தேதி குறித்ததும் மண்டபம், சமையல், போட்டோகிராபர், மேக்கப் என்று நீளும் பட்டியலில் இப்போது மணப்பெண்ணின் முன்பற்களும் சேர்ந்துவிட்டன. மாப்பிள்ளையின் பற்களுக்கும் விலக்கில்லை. 'ஸ்மைல் டிசைனிங்' என்ற பெயரில் விற்கப்படும் இந்தச் சேவையின் முக்கியச் சரக்கு வெனீர். முன்பல்லின் வெளிப்பக்கத்தை லேசாக ராவிவிட்டு, அதன்மேல் பீங்கானிலோ காம்போசிட் பிசினிலோ செய்த மெல்லிய ஓட்டை ஒட்டிவிடுவார்கள். ஆறு பல், எட்டுப் பல், பத்துப் பல் என்று பேக்கேஜ் உண்டு. மாதத் தவணையும் உண்டு.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வதை முதலில் அவர்கள் சொல்கிறபடியே வைத்துவிடுவோம். வெனீர் இன்று நேற்று வந்த வித்தை இல்லை. பீங்கான் வெனீர் நாற்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. எடுக்கப்படும் பல்லின் அளவு அரை மில்லிமீட்டர், நகத்தின் கனம்தான். பெரிதாக வலிக்காது. இரண்டு மூன்று தடவை போனால் வேலை முடிந்துவிடும். கம்பி போட்டுக்கொண்டு இரண்டு வருடம் அலைய வேண்டாம். காப்பிக் கறை பீங்கானில் ஏறாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், நேர்முகத் தேர்வில் தலைநிமிர்ந்து பேசுகிறார். முடிக்குச் சாயம் பூசுவதைக் குறை சொல்லாத சமூகம் பல்லை மட்டும் ஏன் நோண்ட வேண்டும்? என் பல், என் காசு.

இதில் எந்த வரியும் அப்பட்டமான பொய் இல்லை. மறுக்க வேண்டியிருப்பதற்குக் காரணமும் அதுதான். விபத்தில் உடைந்த பல், எனாமல் பிறவியிலேயே சரியாக உருவாகாத பல், ரூட் கெனாலுக்குப் பிறகு கறுத்துப்போன பல் ஆகியவற்றுக்கு வெனீர் பெரிய வரம்; அங்கே எனக்குச் சண்டை இல்லை. சொத்தையும் விரிசலும் இல்லாத, கொஞ்சம் மஞ்சளாகவும் கொஞ்சம் கோணலாகவும் இருக்கிற இருபத்து நான்கு வயதுப் பல்லைப் பற்றியே என் சண்டை. அந்தப் பல்லுக்குக் கடைசியாகச் சொல்ல வேண்டிய வைத்தியத்தை முதலாவதாக விற்கிறார்கள்.

1. "கொஞ்சம்தானே எடுக்கிறார்கள்." எதிலிருந்து கொஞ்சம்?

முன்பல்லின் எனாமல் ஈறுக்குப் பக்கத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் கொண்டது. கடிக்கும் முனையில்தான் அது ஒரு மில்லிமீட்டரை எட்டும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் 'அரை மில்லிமீட்டர்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் அது அற்பமாகத்தான் தோன்றும். ஈறோரத்தில் அரை மில்லிமீட்டர் ராவினால் அங்கே எனாமலே மிஞ்சாது.

எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. மனித உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைத்து வெளியே வருவதற்குள் அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும்; எனாமல் போனால் போனதுதான். முடிச்சாய உவமை இந்த இடத்தில் சாய்ந்துவிடுகிறது. சாயம் பிடிக்கவில்லை என்றால் முடி வளர்ந்துவிடும்.

நம் ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. பல் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்துகொள்ளச் சொன்னால், "வேண்டாம் டாக்டர், எனாமல் தேஞ்சுடும், பல்லு ஆட ஆரம்பிச்சுடும்" என்று பின்வாங்காத குடும்பம் குறைவு. முறையாகச் செய்யும் ஸ்கேலிங் எனாமலைத் தேய்ப்பதில்லை. படிந்திருக்கும் காறையைத்தான் பெயர்க்கிறது. காறை போனதும் பல் ஆடுவதுபோல் தோன்றினால், அதுவரை அரித்துக்கொண்டிருந்த ஈறுநோய் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். எனாமலைத் தொடாத வேலைக்கு இப்படிப் பயப்படுகிற அதே வீட்டார், எனாமலை வைர முனையால் வழித்தெடுக்கும் வேலைக்கு முன்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

இதில் இன்னும் அடிப்படையான ஒரு முரண் இருக்கிறது. வெனீரைத் தாங்குவதே எனாமல்தான். 1955இல் மைக்கேல் பியூனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை லேசாக அரித்தால் பிசின் அதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதைக் கண்டார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து, இரண்டையும் பிசினால் இணைக்கும் முறை வந்தது. இன்றைய பீங்கான் வெனீர் முழுக்க இந்த ஒட்டின்மேல் நிற்கிறது. எனாமலைத் தாண்டி அதன் கீழே இருக்கும் டென்டின் வரை ராவிவிட்டால் ஒட்டும் பலமும் நம்பகமும் குறைகின்றன, பல் கூச்சம் வருகிறது, ஓரங்களில் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. கூடுதல் வெண்மைக்காகவும் கூடுதல் நேர்த்திக்காகவும் எவ்வளவு ஆழமாக ராவுகிறார்களோ, அவ்வளவுக்கு அந்த ஓட்டின் பிடிமானம் போகிறது.

"ராவாமலே ஒட்டும் வெனீர் வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருக்கிறது. சிறுத்த பற்களுக்கும் இடைவெளி விட்ட பற்களுக்கும் அது பொருந்தும். ஏற்கெனவே சரியான அளவில் இருக்கும் பல்லின்மேல் ஒட்டினால் பல் தடித்து, உதடு முன்தள்ளி, ஈறோரத்தில் படி மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். அதில் அழுக்கு சேரும், ஈறு சிவந்து வீங்கும். 'வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்' என்பதும் அவ்வளவு லேசான காரியம் இல்லை. பிசினால் ஒட்டியது கையோடு உரிந்து வராது. பெரும்பாலும் ராவித்தான் எடுக்க வேண்டும்.

2. "பதினைந்து வருடம் வரும்." அப்புறம்?

ஐம்பது வயதில் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டால் நியாயம் இருக்கிறது. இருபத்து நான்கு வயதில் போட்டால் பதினைந்து வருடம் என்பது முதல் தவணை மட்டுமே. 39, 54, 69 என்று மூன்று முறை புதுப்பிக்க வேண்டிவரும். அதுவும் ஒவ்வொரு ஓடும் முழு ஆயுளும் நின்றால்.

நிற்குமா? ஆய்வுகளில் நல்ல எண்கள் இருப்பதை மறைக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வைத்த பீங்கான் வெனீர்களைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வு, பத்து வருடத்தில் 93.5 சதவீதமும் இருபது வருடத்தில் சுமார் 83 சதவீதமும் தாக்குப்பிடித்ததாகக் கணக்கிட்டது. விளம்பரங்களில் மேற்கோள் காட்ட ஏற்ற எண்தான். ஆனால் அது ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில், தேர்ந்த கைகள் செய்த வேலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு சுகாதாரத் திட்டத்தின் கீழ்ச் சாதாரணப் பல் மருத்துவர்கள் வைத்த 2,500க்கும் மேற்பட்ட வெனீர்களை பர்க், லுகரோட்டி என்ற இருவர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். பத்து வருடம் மறுபடி கை வைக்கப்படாமல் நின்றவை 53 சதவீதம். இரண்டு ஆய்வுகளும் அளந்தது ஒன்றையே அல்ல. ஒன்று வெனீர் தோற்றதா என்று பார்த்தது. மற்றது அந்தப் பல்லுக்கு மறுபடி ஏதாவது வைத்தியம் தேவைப்பட்டதா என்று பார்த்தது. ஆனால் நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு எந்தக் கேள்வி முக்கியம்? 'மறுபடி வாயைத் திறக்க வேண்டிவருமா' என்பதுதானே. தெருமுனை கிளினிக்கில் செய்துகொள்கிறவருக்கு இன்ஸ்ப்ரூக் எண்ணைக் காட்டுவது நேர்மையா?

புதுப்பிப்பது என்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பழைய பீங்கானைச் சுழலும் வைர முனையால் அரைத்துத்தான் எடுக்க வேண்டும். பீங்கான், அதன் கீழே பிசின், அதன் கீழே பல் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறம். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது பீங்கான் எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கெட்டிக்கார மருத்துவருக்கே சிரமம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பல் சேர்ந்தே போகும். எனாமல் தீர்ந்த பிறகு அடுத்த படி, பல்லைச் சுற்றிலும் செதுக்கி முழுக்க மூடும் கேப். எவ்வளவு பல் போகிறது என்பதை எடெல்ஹாஃப், சொரென்சன் இருவரும் 2002இல் எடைபோட்டே காட்டினார்கள். முன்பல் வெனீருக்கு, வடிவத்தைப் பொறுத்து, தெரியும் பல்லின் 3 முதல் 30 சதவீதம் வரை போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். முதல் வெனீரில் கையெழுத்துப் போடுகிறவர் இந்த இரண்டாவது எண்ணை நோக்கிய பாதையிலும் காலை வைக்கிறார் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

காசுக் கணக்கும் இப்படியே. பல்லுக்குப் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பல்லுக்கு 96,000 ரூபாய். தவணை முடிந்ததும் செலவு முடிந்தது என்று எண்ணி வாங்குகிறார்கள். அதே வேலையைப் பதினைந்து வருடம் கழித்து, அன்றைய விலையில், பலம் குறைந்த பல்லில் மறுபடி செய்ய வேண்டும். லேப்காரர்கள் கொடுக்கும் பளபளப்பான வாரண்டி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அது வழக்கமாகப் பீங்கானுக்குத்தான் பொறுப்பேற்கும். ராவிய பல்லுக்கு வாரண்டி எழுதித் தர யாராலும் முடியாது.

'நன்றாகப் பார்த்துக்கொண்டால்' என்ற நிபந்தனையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதும் பிறகுதான் தெரியும். பொங்கலுக்குக் கரும்பை முன்பல்லால் கடித்து உரிக்கக் கூடாது. தட்டை, முறுக்கு, ஆட்டு எலும்பு எதையும் முன்பல்லிடம் கொடுக்கக் கூடாது. நூலைக் கடித்து அறுக்கக் கூடாது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் ஆயுள் முழுக்க ராத்திரியில் கார்டு மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். அந்த இன்ஸ்ப்ரூக் ஆய்விலேயே பல் கடிப்பவர்களிடம் வெனீர் தோற்கும் அபாயம் பல மடங்கு கூடியிருந்தது. தனக்கு அந்தப் பழக்கம் இருப்பது பாதிப் பேருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்தில் படுப்பவர் சொல்லித்தான் தெரிகிறது!

3. கோணல் பல்லை ராவி நேராக்க முடியாது, நேராக்கியதுபோல் காட்டலாம்.

"கம்பிக்கு இரண்டு வருடம், இதற்கு இரண்டு வாரம்" என்பது கேட்க இனிமையான வாதம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தெத்துப்பல்லையும் துருத்தி நிற்கும் எத்துப்பல்லையும் வெனீரால் 'சரி' செய்யும்போது என்ன நடக்கிறது? பல் நகர்வதில்லை. துருத்திய பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, மிச்சத்தின்மேல் நேரான முகப்பு ஒன்றைக் கட்டுகிறார்கள். எவ்வளவு துருத்தியிருக்கிறதோ அவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டும். அங்கே அரை மில்லிமீட்டர்ப் பேச்செல்லாம் எடுபடாது. சில பற்களில் வெட்டு நரம்பை நெருங்கி, ரூட் கெனாலில் போய் முடியும். ஆரோக்கியமாக இருந்த பல்லின் உயிரை எடுத்து அதை வரிசையில் நிறுத்துவதற்குப் பெயர் அழகுசெய்தலாம்.

இரண்டு வருடம் கம்பியோடு இருப்பவருக்குக் கடைசியில் தன் சொந்தப் பல் முழுதாக, நேராக இருக்கிறது. உட்பக்கம் ரிடெய்னர் மாட்டிக்கொள்ளும் தொல்லை உண்டு, அவ்வளவே. கம்பி வெளியே தெரிவது பிடிக்காதவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அலைனர்கள் வந்து வெகுகாலமாகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்பது பல்லின் பிரச்சினையா, காலண்டரின் பிரச்சினையா?

அவசரத்தின் எல்லையைப் பார்க்க விரும்புகிறவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். மலிவு விலையில் பல் கட்டிக்கொள்ளத் துருக்கிக்கு விமானம் ஏறிப்போய் வந்தவர்களின் வாய்க்கு அங்கே 'டர்க்கி டீத்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெனீர் என்று நம்பிப் போன பலர் முழு கேப்போடு திரும்பினார்கள். பற்கள் எல்லாம் கூம்பாகச் செதுக்கப்பட்ட முளைகளாக நிற்கும் படங்களை அவர்களே சமூக ஊடகங்களில் போட்டார்கள். பிரிட்டனின் பல் மருத்துவர் சங்கம் பலமுறை எச்சரித்தும் கூட்டம் குறைந்தபாடில்லை. வெனீருக்கும் கேப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடுவது துருக்கியில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. நம் பக்கத்திலும் 'வெனீர்', 'கேப்' இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து சொல்கிறார்கள்.

4. மஞ்சள் என்று யார் தீர்மானித்தது?

உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு இப்படிப்பட்ட ஓர் ஆலோசனைக்குப் போயிருந்தேன். டாக்டருக்கு முன்பே கோ-ஆர்டினேட்டர் வந்து உட்கார்ந்தார். மேசைமேல் நிறப்பட்டை. 1956இல் ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் கொண்டுவந்த பழைய பட்டையில் ஏ1இலிருந்து டி4 வரை பதினாறு நிறங்கள் உண்டு. இயற்கைப் பற்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். ஏ2, ஏ3 எல்லாம் நம் ஊரில் வெகு சாதாரணமான, ஆரோக்கியமான நிறங்கள். கோ-ஆர்டினேட்டர் அந்தப் பதினாறைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த ப்ளீச் நிறங்களிலிருந்து பிஎல்1 என்ற துண்டை எடுத்து அவள் உதட்டருகே பிடித்து, கைக்கண்ணாடியைக் கொடுத்தார்.

"ஐயய்யோ பெரியம்மா, என் பல்லு இவ்ளோ மஞ்சளா?"

"டீ, காப்பி சாப்பிடற எல்லாருக்கும் இப்படித்தாம்மா. போட்டோல பிளாஷ் அடிச்சா இன்னும் நல்லா தெரியும்" என்றார் அவர், மிகுந்த கனிவோடு.

இயற்கையில் யாருக்கும் இல்லாத வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் எந்தப் பல்தான் மஞ்சளாகத் தெரியாது? அவள் பல்லில் கறையே கிடையாது. எனாமல் ஒளி ஊடுருவுவது. அதன் வழியாகத் தெரிவது உள்ளே இருக்கும் டென்டினின் இயல்பான மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து அந்த மஞ்சள் கூடுதலாகத் தெரியும். அதை அழுக்கு என்று நம்பவைத்த பிறகு பேக்கேஜ் விற்பதற்குப் பெரிய திறமை தேவையில்லை.

நிறம் போதாதென்று வடிவத்துக்கும் 'விஞ்ஞானம்' சொல்வார்கள். முன்பற்களின் அகலம் தங்க விகிதத்தில் இருந்தால்தான் அழகு என்று மென்பொருள் முகத்தின்மேல் கோடு போட்டுக் காட்டும். ஜாக் பிரெஸ்டன் 1993இல் அளந்து பார்த்தபோது, நடுப்பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே அந்த விகிதம் அமைந்தவர்கள் 17 சதவீதம்தான். மீதி 83 சதவீதம் பேருடைய சிரிப்பெல்லாம் கோணலா? ஜப்பானில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், தெத்துப்பல் இளமைக்கு அடையாளம் என்று சொல்லி, நேரான பல்லின்மேல் தெத்துப்பல்லை ஒட்டிக்கொள்ள இளம்பெண்கள் காசு கொடுத்தார்கள். ஒரு காலத்து ரசனைக்காக ஒரு ஆயுளுக்கான பல்லை ராவுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

வெனீரின் பூர்வீகம் தெரிந்தால் இந்த அபத்தம் இன்னும் துலங்கும். ஹாலிவுட் பல் மருத்துவர் சார்லஸ் பின்கஸ் 1920களின் இறுதியில் தொடங்கி நடிகர்களுக்காக மெல்லிய ஓடுகள் செய்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பால்பல் விழுந்த இடைவெளிகளைக்கூட அவர் அப்படித்தான் மறைத்தார். ஒட்டுப்பொடியால் தற்காலிகமாக ஒட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். கேமராவுக்காக வந்தது கேமராவோடு போனது. நாமோ கல்யாண ஆல்பத்துக்காக அதை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறோம்.

5. தன்னம்பிக்கை வாதம் வலுவானது. அதனால்தான் அதைத் தர்மபுரிக்கு எடுத்துப் போக வேண்டும்.

பல் அவமானத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியது. பல் உருவாகும் சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு எனாமல் சுண்ணாம்புத் திட்டாகவும், பழுப்புக் கறையாகவும், மோசமான நிலையில் குழி விழுந்தும் முளைக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். அதற்கு முன் வளர்ந்த தலைமுறையின் பற்கள் அப்படியே இருக்கின்றன. சிரித்தால் ஊர்ப்பேர் தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொள்கிற இளைஞனுக்குத் தன்னம்பிக்கைப் பிரச்சினை நிஜமானது. அவனுக்கு வெனீர் போட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் அவனுக்கேகூட நல்ல மருத்துவர் முதலில் வெனீர் சொல்வதில்லை. லேசான, நடுத்தரக் கறைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் எனாமலின் மேற்படலத்தை மட்டும் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் முறை 1980களிலிருந்து இருக்கிறது. அதில் போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. வேலையும் எனாமலுக்குள்ளேயே முடிந்துவிடும். மேலே ப்ளீச்சிங் சேர்த்தால் நிறம் சமமாகும். வெள்ளைத் திட்டுக்குள் பிசினை ஊறவைத்து மறைக்கும் முறை வந்தும் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. குழி விழுந்த பல்லுக்குத்தான் வெனீர், கேப் எல்லாம்.

நோயால் கறைபட்ட பல்லுக்கே இத்தனை படிகள் இருக்கும்போது, ஏ2 நிறத்தில் பளிச்சென்று இருக்கும் பல்லுக்கு ஏன் நேரே கடைசிப் படி? முதலில் ஸ்கேலிங்; வெற்றிலை, புகையிலை, டீக் கறையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அடுத்தது ப்ளீச்சிங். 1989இல் ஹேவுட், ஹேமன் இருவரும் விவரித்த, பத்து சதவீத கார்பமைடு பெராக்ஸைடைத் தட்டில் இட்டு ராத்திரி மாட்டிக்கொள்ளும் முறை இன்றும் நம்பகமானது. தற்காலிகக் கூச்சத்தைத் தவிரப் பெரிய சேதம் இல்லை. கோணல் என்றால் கம்பியோ அலைனரோ. முனை உடைந்திருந்தால், இடைவெளி இருந்தால், பல்லை ராவாமலே காம்போசிட் சேர்த்துக் கட்டலாம். அது பீங்கான்போல் நிலைக்காது, மஞ்சள்தூள் சாம்பார் அதில் கறையேற்றும், சில வருடத்துக்கு ஒருமுறை மெருகேற்ற வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது உடைந்தால் உடைந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம், அடியில் பல் முழுதாக இருக்கும், நாற்பது வயதில் மனசு மாறினால் மாறிக்கொள்ளலாம்.

இந்த வரிசையை ஏன் தலைகீழாக்குகிறார்கள்? ப்ளீச்சிங்கில் கிடைப்பது சில ஆயிரம். எட்டு வெனீரில் கிடைப்பது அதன் பல மடங்கு. எல்லா மருத்துவர்களும் இப்படி என்று சொல்லவில்லை. இளைஞர்களுக்கு வெனீர் போட மறுத்துத் திருப்பி அனுப்புகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ரீல்ஸ் போடுவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

6. "என் பல், என் காசு, உனக்கென்ன?"

உரிமையை மறுக்கவில்லை. வளர்ந்த மனிதர் தன் உடம்பை என்ன செய்துகொள்ளவும் உரிமை உள்ளவர். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் போட்ட கையெழுத்தை உரிமை என்று அழைக்க முடியாது. மெல்லியது, வலியில்லாதது, நீடிப்பது என்ற மூன்று சொற்களை மட்டும் கேட்டுவிட்டுப் போட்ட கையெழுத்து அது. அந்தக் கையெழுத்தின் கடனை அடைக்கப் போகிறவள் ஐம்பத்து நான்கு வயதில் இருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை. ஆலோசனை சொல்பவரும் சரக்கை விற்பவரும் ஒரே ஆள் என்கிற இடத்தில், கேள்வி கேட்கிற பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது.

ஆகவே கேளுங்கள். என் ஒவ்வொரு பல்லிலும் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்? ஈறோரத்தில் எனாமல் மிஞ்சுமா? இது வெனீரா, கேப்பா? முதலில் ப்ளீச்சிங் செய்து பார்த்தால் எவ்வளவு தூரம் வரும்? எட்டாவது வருடம் ஒன்று உடைந்தால் யார் செலவு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு அது ஒத்துப்போகுமா? பல்லை ராவுவதற்கு முன்பே, மேலே பிசினால் மாதிரி ஒட்டிக் காட்டும் மாக்-அப் முறை இருக்கிறது. அதை நாற்காலியில் ஐந்து நிமிடம் கண்ணாடியில் காட்டி எடுத்துவிடாமல், அப்படியே ஒட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நாள் அதோடு பேசி, சிரித்து, சோறு தின்று பாருங்கள். அம்மா, தங்கை, கட்டிக்கொள்ளப் போகிறவன் எல்லாரும் பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும். இத்தனைக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். தர மறுக்கிற இடமென்றால் எழுந்து வந்துவிடலாம். வைர முனை பல்லைத் தொடாத வரை எதுவும் கெட்டுப்போகவில்லை.